குருவி என்றால் குற்றம், கூரியர் என்றால் வாய்ப்பா?

சென்ற மாதம் எங்கள் பல்கலைக்கழக ஆய்வாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் "ஓ.பி.சி. பணிகள், உடனடித் தேவை, பாஸ்போர்ட் இருந்தால் போதும்" என்று தொடங்கும் ஆங்கிலச் செய்தியொன்று வந்து விழுந்தது. முதல் மணிநேரம் முழுவதும் குழப்பம். பிற பிற்படுத்தப்பட்டோருக்கான சிறப்பு நியமன அறிவிப்பு என்று நினைத்து, வருமான வரம்புச் சான்றிதழ் எந்த ஆண்டுக்குரியது வேண்டும் என்று ஒருவர் கேட்டார். பாஸ்போர்ட் எதற்கு என்று இன்னொருவர் கேட்டார். பிறகுதான் தெரிந்தது, இது 'ஆன் போர்டு கூரியர்' என்பதன் சுருக்கமாம். ஏதோவொரு நாட்டின் தொழிற்சாலைக்கு அவசரமாகத் தேவைப்படும் பொருளை, அழைப்பு வந்த சில மணிநேரத்தில் விமானம் ஏறி, பயணியின் பெட்டியாகவே கொண்டுசென்று ஒப்படைக்கும் வேலை. டிக்கெட் அவர்களுடையது, விடுதிச் செலவு அவர்களுடையது, விமான நிறுவனத்தின் மைல் புள்ளிகள் நமக்கு, அதற்குமேல் கூலியும் உண்டு. செய்தியை முன்னனுப்பிய பேராசிரியர் தம் கையாலேயே ஒரு வரி சேர்த்திருந்தார்: ஆய்வாளர்களுக்குப் பொருத்தமான பகுதிநேர வேலை, உலகத்தைப் பார்க்கலாம், பயணத்தில் படிக்கலாம்.

அந்த ஒற்றை வரிக்குத்தான் இந்த நீண்ட மறுப்பு. அதற்குப் பின்னால் வந்த பாராட்டுரைகளுக்கும் சேர்த்து. சமூகவியல் துறை நண்பர் ஒருவர் இவ்வேலையை 'எல்லைகளைக் கடக்கும் புதிய உழைப்பாளியின் உலகளாவிய அசைவு' என்று இதே தளத்தில் எழுதியிருந்தார். நானும் கருத்தரங்குகளில் இத்தகைய சொற்களைப் பயன்படுத்தியிருக்கிறேன். அந்த வெட்கத்தோடுதான் எழுதுகிறேன்.

முதலில் வேலை என்னவென்று பார்த்துவிடுவோம். ஒரு கார் தொழிற்சாலையின் உற்பத்தி வரிசையில் ஒரு சிறு உதிரிபாகம் தீர்ந்துபோகிறது. வரிசை நின்றால் ஒவ்வொரு மணிநேரமும் இழப்பு. அந்த இழப்பு பெரும்பாலும் உதிரிபாகம் தரத் தவறிய நிறுவனத்தின் தலையில்தான் விழும். சரக்கு விமானத்தில் அனுப்பலாம். ஆனால் சரக்கை விமானம் புறப்படுவதற்குப் பல மணிநேரம் முன்பே ஒப்படைக்க வேண்டும். அது தட்டில் அடுக்கப்பட வேண்டும். இறங்கிய பின் கிடங்குக்குப் போக வேண்டும். முகவர் தாள்களோடு வரிசையில் நிற்க வேண்டும். பயணியின் பெட்டிக்கு இந்தத் தாமதம் எதுவும் இல்லை. பயணி எந்த விமானத்தில் ஏறுகிறாரோ அதே விமானத்தில் பெட்டியும் ஏறும், அவரோடு இறங்கும், சுழலும் பட்டையில் அரைமணியில் வந்துசேரும். எனவே பொருளோடு ஒரு மனித உடலை இணைத்துவிட்டால் சரக்கு பயணப்பொதியாகிவிடுகிறது. இத்தொழிலின் நுட்பம் முழுவதும் இவ்வளவுதான். தரையில் நிற்கும் விமானத்துக்கு வேண்டிய உறுப்பு, குறைக்கடத்தி ஆலைக்கு வேண்டிய கருவி, படப்பிடிப்புக்கு வேண்டிய லென்சு என்று பொருள் மாறலாம். 2020-இன் தொடக்க மாதங்களில் சீனாவிலிருந்து முகக்கவசங்கள்கூட இவ்வாறு போயின.

இதில் பயணி யார்? பெட்டிதான். டிக்கெட் பெட்டிக்கு வாங்கப்படுகிறது. மனிதர் அந்த டிக்கெட்டின் நிபந்தனை. 'இலவசமாக உலகம் சுற்றலாம்' என்ற விளம்பரச் சொற்றொடரின் எழுவாயை மாற்றி வாசித்தால் உண்மை தெரியும்: உலகம் சுற்றுவது உதிரிபாகம்.

இத்தொழிலுக்கு ஒரு தோற்றக்கதை உண்டு. அதை விளம்பரக்காரர்கள் விரும்பிச் சொல்வார்கள். 1969-இல் கலிஃபோர்னியாவில் டால்சி, ஹில்புளோம், லின் என்ற மூவர் தம் பெயர்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து டி.எச்.எல். என்ற நிறுவனத்தைத் தொடங்கினார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவிலிருந்து ஹொனலூலுவுக்குக் கப்பல் போய்ச் சேருமுன்பே சரக்குத் தாள்களை விமானத்தில் கொண்டுசேர்த்தால், கப்பல் துறைமுகத்தில் காத்திருக்க வேண்டியதில்லை. அந்தத் தாள்களைப் பயணிகளின் கைப்பெட்டியில் கொண்டுபோனார்கள். மூவரில் ஹில்புளோம், சட்டம் படித்த காலத்தில் செலவுக்காகக் கூரியர் வேலை பார்த்தவர். பார்த்தீர்களா, மாணவராக இருந்தவர்தானே என்பார்கள். அதன்பின் ஏறத்தாழ இருபது முப்பது ஆண்டுகள், மேலை நாடுகளின் மாணவர்களும் ஊர்சுற்றிகளும் தம் பெட்டி உரிமையைக் கூரியர் நிறுவனத்துக்கு விட்டுக்கொடுத்துவிட்டு, மிகக் குறைந்த கட்டணத்தில் லண்டனுக்கும் ஹாங்காங்குக்கும் பறந்தார்கள் என்பதும் உண்மையே. அந்த நினைவின் இனிமைதான் இன்று நமக்கு விற்கப்படுகிறது. ஆனால் அந்த மாணவர்களின் சட்டைப்பையில் எந்த நாட்டுப் பாஸ்போர்ட் இருந்தது என்ற கேள்வி அந்தக் கதையில் எழுவதில்லை.

நான் அந்த விளம்பரத்துக்கு விண்ணப்பித்தேன். ஆராய்ச்சி ஆர்வம் என்று பொய் சொல்ல மாட்டேன், பணம் தேவைப்பட்டது. படிவத்தில் கல்வித் தகுதி, மொழிகள், முன்னனுபவம் எதுவும் முதலில் இல்லை. முதல் கேள்வி குடியுரிமை. இரண்டாவது, நடப்பில் உள்ள விசாக்கள்: அமெரிக்கா உண்டா, ஷெங்கன் உண்டா, பிரிட்டன் உண்டா, சீனம் உண்டா. எல்லாவற்றுக்கும் இல்லை என்று எழுதினேன். அடுத்த நாள் பதில் வந்தது: தற்போது காத்திருப்போர் பட்டியலில் இருக்கிறீர்கள், வளைகுடா, தென்கிழக்காசிய வழித்தடங்களில் வாய்ப்பு வந்தால் அழைப்போம். இந்த ஓ.பி.சி.யிலும் வகுப்புப் பிரிவினை இருக்கிறது. ஜெர்மன் பாஸ்போர்ட் வைத்திருப்பவருக்கு ஆலையின் முறையான தாள்களோடு, இறங்குமிடத்தில் முகவர் காத்திருக்கும் வேலை. இந்தியப் பாஸ்போர்ட்டோடு வெறுங்கையராக நிற்பவருக்கு, அவசரமாக எடுக்கப்படும் சுற்றுலா விசாவும் துபாயும். உலகளாவிய அசைவு என்று எழுதிய நண்பர் இந்தப் படிவத்தின் முதலிரு கேள்விகளை வாசித்திருந்தால் தம் கட்டுரையின் தலைப்பை மாற்றியிருப்பார்.

இவ்விடத்தில் ஒரு சொல்லைப் பற்றிப் பேசியாக வேண்டும். மொழியியல் படித்தவன் சொல்லில் தொங்குவான் என்று நீங்கள் சிரிக்கலாம். சென்னையில் பிறந்து வளர்ந்த எவருக்கும் இந்த வேலை தெரியும். அதற்குத் தமிழில் பெயரும் உண்டு. குருவி. சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் கொழும்புக்கும் துபாய்க்கும் போய், பிறருடைய பொருளைத் தம் பெட்டியில் வைத்துக் கொண்டுவந்து கொடுத்துக் கூலி வாங்குபவர். டிக்கெட் முதலாளியுடையது. பர்மா பஜாரில் நாம் வாங்கிய டேப் ரிக்கார்டரிலிருந்து கைக்கடிகாரம்வரை எத்தனையோ பொருள்கள் குருவிகளின் சிறகில் வந்தவை. 2008-இல் விஜய் நடித்து அதே பெயரில் ஒரு படமும் வந்தது. அதில் நாயகன் மலேசியாவுக்குப் போவதே குருவியாகத்தான்.

குருவியும் ஆன் போர்டு கூரியரும் செய்யும் செயல் ஒன்றே. பிறர் பொருள், பிறர் செலவில் டிக்கெட், தன் பெயரில் பெட்டி, முடிவில் கூலி. கூரியர் தாள்களோடு போகிறார், குருவி தாளின்றிப் போகிறார் என்பதே வேறுபாடு என்பார்கள். அப்படியானால் தாள் இல்லாமல் அனுப்பப்படும் கூரியரை என்னவென்று அழைப்பது? ஆங்கிலத்தில் அவர் பெயர் அப்போதும் கூரியரே. மாட்டிக்கொண்ட மறுகணம் மட்டும் 'மியூல்', அதாவது கோவேறு கழுதை. ஒரே மனிதர் ஒரே பெட்டியோடு பச்சை வழியின் இந்தப் பக்கம் தூதர், அந்தப் பக்கம் பொதிவிலங்கு. தமிழாவது பறவையைத் தேர்ந்தெடுத்தது. ஆனால் அதிலும் ஒரு மறைப்பு இருக்கிறது: பறவையின் பெயரைச் சூட்டியதும் முதுகில் இருக்கும் சுமை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. கழுதைக்குச் சுமை உண்டு, குருவிக்குச் சிறகு மட்டுமே.

'கூரியர்' என்ற சொல்லின் வேர் ஓடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினை. நம் மண்ணிலும் ஓட்டக்காரர்கள் இருந்தார்கள். வடக்கே ஹர்க்காரா, திருவிதாங்கூரில் அஞ்சலோட்டக்காரர். மணி கட்டிய கோலோடு அவர் ஓடிவரும் ஓசை கேட்டால் வழிவிட வேண்டும். அந்த மணியின் பொருள், இவர் கையில் இருப்பது இவருடையது அன்று, அரசுடையது என்பது. சுமையின் உரிமையாளர் யார் என்பதை அந்த ஓசை ஊரறியச் சொல்லிக்கொண்டே போனது. இன்றைய ஆன் போர்டு கூரியரிடம் அந்த மணி இல்லை. மாறாக, பெட்டியில் தொங்கும் அட்டையில் அவருடைய பெயரே இருக்கிறது. சுமை யாருடையது என்று கேட்டால், சட்டத்தின் முன் அவருடையது.

இது உருவகம் அன்று. 1962-ஆம் ஆண்டின் சுங்கச் சட்டம், 77-ஆம் பிரிவு, பயணப்பொதியின் உரிமையாளர் அதிலுள்ளவற்றை அதிகாரியிடம் அறிவிக்க வேண்டும் என்கிறது. 79-ஆம் பிரிவு தரும் வரிவிலக்கு பயணியின் உண்மையான பயணப்பொதிக்கு மட்டுமே. வணிகப் பொருளுக்கு இல்லை. 2016-ஆம் ஆண்டின் பயணப்பொதி விதிகள் பெரும்பாலான நாடுகளிலிருந்து வரும் பயணிக்கு 50,000 ரூபாய் வரம்பு வைத்ததும் அவருடைய சொந்த, அன்பளிப்புப் பொருள்களை எண்ணித்தான். ஆக, பிறருடைய இயந்திர உறுப்பைத் தம் பெட்டியில் வைத்துக்கொண்டு பச்சை வழியாக நடக்கிறவர், அடியெடுத்து வைக்கும்போதே ஒரு பொய்யான அறிவிப்பைச் செய்துவிடுகிறார். 108-ஆம் பிரிவின்கீழ் அதிகாரி அழைத்து வாக்குமூலம் வாங்கலாம். சுங்க அதிகாரி காவல்துறை அதிகாரி அல்லர் என்பது நீதிமன்றங்கள் நெடுங்காலமாகக் கொண்டுள்ள நிலைப்பாடு. எனவே காவல் நிலையத்தில் தந்த ஒப்புதலுக்குக் கிடைக்கும் பாதுகாப்பு இங்கே தரும் வாக்குமூலத்துக்குக் கிடைக்காது. தங்கம், கைக்கடிகாரம் போன்றவை சிக்கினால், 123-ஆம் பிரிவின்படி அவை கடத்தப்பட்டவை அல்ல என்று மெய்ப்பிக்கும் சுமை யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டதோ அவர்மேல் விழும்.

முறையான கூரியர் நிறுவனம் இந்நாட்டில் எப்படி இயங்குகிறது? 1998-இலும் 2010-இலும் வந்த கூரியர் ஒழுங்குமுறைகளின்படி அது சுங்கத்துறையிடம் பதிவு செய்திருக்க வேண்டும். பிணைப்பத்திரமும் பிணைத்தொகையும் தந்திருக்க வேண்டும். தவறினால் பதிவு பறிபோகும். அந்தச் சட்டகம் முழுவதும் சுமையின் பொறுப்பை நிறுவனத்தின் தோளில் வைக்கிறது. வாட்ஸ்அப்பில் ஆள் திரட்டும் தரகர் செய்வது, அதே சுமையை அந்தத் தோளிலிருந்து இறக்கி, எட்டாயிரம் ரூபாய் உதவித்தொகைக்குக் காத்திருக்கும் ஓர் ஆய்வாளரின் தோளில் ஏற்றுவது.

என் விடுதித் தோழர் ஒருவருக்கு நடந்ததை, அவர் ஒப்புதலோடும் அடையாளங்களை நீக்கியும், இங்கே சொல்கிறேன். அவர் வரலாற்றுத் துறை. தேசியத் தகுதித் தேர்வு உதவித்தொகை இல்லாதவர். ஏழு மாதங்களாகப் பணம் வரவில்லை. ஒரு வியாழக்கிழமை இரவு பதினொரு மணிக்கு அழைப்பு வந்தது. மறுநாள் துபாய், அடுத்த நாள் திரும்புதல். விசாவை அவர்களே எடுத்தார்கள், சுற்றுலா விசா. திரும்பும்போது இரண்டு பெட்டிகள், இயந்திர மாதிரிகள், மானேசர் பக்கம் ஓர் ஆலைக்கு. கைப்பேசியில் ஒரு விலைப்பட்டியலின் படம். டெல்லியில் இறங்கியதும் வந்த குறுஞ்செய்தி: பச்சை வழியாக வாருங்கள், உதிரிபாகங்கள்தாமே, யாரும் கேட்க மாட்டார்கள்.

தோழர் ஆவணக்காப்பகங்களில் ஐந்தாண்டுகள் கழித்தவர். தாளில் இருப்பதும் பெட்டியில் இருப்பதும் ஒன்றா என்று பார்க்கும் பழக்கம் அவருடைய தொழில். விலைப்பட்டியலில் இருந்த நிறுவனத்தின் பெயரும், ஒப்படைக்கச் சொன்ன நிறுவனத்தின் பெயரும் வேறுவேறு. அவர் சிவப்பு வழிக்குப் போனார். ஒன்பது மணிநேரம். பெட்டியைத் திறந்தார்கள், எண்ணினார்கள், விலைப்பட்டியலில் உள்ள எண்ணிக்கையைவிடப் பெட்டியில் அதிகம் இருந்தது. வருவதாகச் சொன்ன முகவர் வரவில்லை. தரகரின் எண் முதலில் எடுக்கப்படவில்லை, பிறகு இல்லாமல் போயிற்று. வாக்குமூலம் எழுதி வாங்கிக்கொண்டு, பெட்டிகளை நிறுத்திவைத்து, ஒரு ரசீது கொடுத்து அனுப்பினார்கள். அந்த அதிகாரிகளைக் குறைசொல்ல அவரிடம் எதுவும் இல்லை. இரவு சாப்பிடத் தந்தார்கள் என்றார். கூலி? ஒப்படைப்பு நிறைவேறவில்லை என்பதால் கிடையாதாம். அந்தச் செய்தி மட்டும் வேறோர் எண்ணிலிருந்து தவறாமல் வந்தது.

ஆறு வாரங்களுக்குப் பின் விடுதி முகவரிக்கு ஒரு விளக்கம் கோரும் அறிவிப்பு வந்தது. அந்த உறையைக் காவலரின் மேசையிலிருந்து எடுத்துக்கொண்டு அவர் படியேறி வந்த முகத்தை நான் பார்த்தேன். அது உலகம் பார்த்துத் திரும்பியவரின் முகமாக இல்லை.

பெட்டியில் இருந்தவை இயந்திர உறுப்புகளே என்பதால் இவ்வளவோடு போயிற்று. வேறு ஏதாவது இருந்திருந்தால்? 1985-ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 35-ஆம் பிரிவு, குற்றம் சாட்டப்பட்டவருக்குக் குற்ற மனநிலை இருந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்கிறது; அப்படி இல்லை என்பதை அவர்தாம் ஐயத்துக்கு இடமின்றி மெய்ப்பிக்க வேண்டும். எனக்குத் தெரியாது என்ற இரண்டு சொற்களை மெய்ப்பிப்பதைவிடக் கடினமான ஆய்வேடு எதுவும் இல்லை. வணிக அளவுக்குமேல் போனால் 37-ஆம் பிரிவு ஜாமீனையும் ஏறத்தாழ அடைத்துவிடுகிறது. நூர் ஆகா எதிர் பஞ்சாப் மாநிலம் என்ற வழக்கைச் சட்ட மாணவர்கள் அறிவார்கள். விமானப் பணிக்குழுவைச் சேர்ந்த ஆப்கானியர். 1997-இல் அமிர்தசரஸ் விமான நிலையத்தில் அவர் கொண்டுவந்த திராட்சைப் பெட்டியின் அட்டைச் சுவர்களுக்குள் ஹெராயின் இருந்ததாக வழக்கு. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது 2008-இல். அடிப்படை உண்மைகளை அரசுத் தரப்பு முதலில் நிறுவ வேண்டும் என்று அத்தீர்ப்பு சொன்னது பெரிய ஆறுதல்தான். நடுவே கழிந்தவை பதினோர் ஆண்டுகள்.

வெளிநாட்டில் அகப்பட்டால் கேட்கவே வேண்டாம். 2019-இல் மும்பையைச் சேர்ந்த இளம் தம்பதியர் தோஹா விமான நிலையத்தில் பிடிபட்டார்கள். உறவினர் ஒருவர் புகையிலை என்று சொல்லிக் கொடுத்தனுப்பிய பொட்டலத்தில் நான்கு கிலோ ஹஷீஷ் இருந்தது. மனைவி கருவுற்றிருந்தார், குழந்தை சிறையிலேயே பிறந்தது. பத்தாண்டுத் தண்டனை விதிக்கப்பட்டு, பின்னர் மறுவிசாரணையில் விடுதலையாகி 2021-இல்தான் ஊர் திரும்பினார்கள். கொடுத்தனுப்பியவர் சொந்த உறவினர். வாட்ஸ்அப் தரகர் உங்களுக்கு என்ன உறவு?

எதிர்வாதங்கள் வரும், சில ஏற்கெனவே வந்துவிட்டன. எல்லோரும் வயதுவந்தவர்கள், அவரவர் முடிவு, நீ யார் தடுக்க என்று ஒரு தோழி கேட்டார். நியாயமான கேள்வி. நான் இந்த வேலையையே எதிர்க்கவில்லை. ஸ்டெம் செல் கொண்டுசெல்லும் கூரியர்களை எண்ணிப் பாருங்கள்: கொடையாளரிடமிருந்து எடுத்த உயிரணுக்களைக் குளிர்பெட்டியில் வைத்துக் கண் அகலாமல் சுமந்து, பொதுவாக 72 மணிநேரத்துக்குள் வேறொரு நாட்டின் மருத்துவமனையில் சேர்ப்பவர்கள். பெட்டியை எக்ஸ்ரேயில் விடாமல் கையால் சோதிக்கக் கோரும் கடிதம் அவர்களிடம் இருக்கும். யார் கொடுத்தது, யாருக்குப் போகிறது, இடையில் யாரை அழைப்பது என்பதற்கெல்லாம் தாள் இருக்கும். பயிற்சி இருக்கும். அது உயர்ந்த வேலை. வாகனத் துறையிலும் முறையாகச் செய்யும் நிறுவனங்கள் உண்டு. கூரியரைச் சிவப்பு வழிக்கே போகச் சொல்லி, முகவரை அங்கே நிறுத்திவைப்பவர்கள் உண்டு. என் சண்டை அவர்களோடு அன்று. ஒப்பந்தம் இன்றி, முகவர் இன்றி, பெட்டியைத் திறந்து பார்க்கும் உரிமையின்றி ஆள் திரட்டுபவர்களோடும், அவர்களுடைய விளம்பரத்துக்குப் பேராசிரியர் என்ற பட்டத்தின் மதிப்பை இரவல் தருபவர்களோடுமே.

உணவு கொண்டுசெல்லும் இளைஞருக்கும் ஆபத்து உண்டே என்றார் இன்னொருவர். உண்டு. ஆனால் அவருக்கு இப்போது சட்டத்தில் ஒரு பெயராவது இருக்கிறது. 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு, 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்தபின், கிக் தொழிலாளர், தளத் தொழிலாளர் என்ற வரையறைகளைத் தந்திருக்கிறது; அதற்கு முன்பே ராஜஸ்தான் 2023-இல் தனிச் சட்டம் செய்தது. அவை போதுமா என்பது வேறு விவாதம். அந்த இளைஞர் வாசலில் நின்று போராடுவதற்கு ஓர் அலுவலகம் இருக்கிறது. தொலைபேசி எண்ணாக மட்டும் இருந்து மறைந்துபோகும் தரகரின் வாசல் எது?

இனி, பலருக்கும் பிடிக்காத பகுதிக்கு வருகிறேன். ஓர் ஆய்வாளர் நள்ளிரவில் அறியாத மனிதரின் பெட்டியைச் சுமக்கத் துணிவது ஊர்சுற்றும் ஆசையால் அன்று. இளநிலை ஆய்வு உதவித்தொகை 2023 ஜனவரி முதல் மாதம் 37,000 ரூபாய் என்று உயர்த்தப்பட்டதை நாமெல்லாம் கொண்டாடினோம். அந்தத் தேர்வில் இடம்பெறாத ஆய்வாளருக்கு மத்தியப் பல்கலைக்கழகங்களில் தரப்படும் 8,000 ரூபாய் பத்தாண்டுகளுக்கும் மேலாக அதே 8,000-தான். 2015 அக்டோபரில் அதையும் நிறுத்தப் பார்த்தபோது டெல்லியில் மாணவர்கள் மானியக்குழு அலுவலகத்தின் வாசலில் உட்கார்ந்து காப்பாற்றிய தொகை அது. சிறுபான்மையினருக்கான மௌலானா ஆசாத் உதவித்தொகை 2022 டிசம்பரில் நிறுத்தப்பட்டது. இருக்கும் உதவித்தொகைகளும் மாதந்தோறும் வருவதில்லை. துறைத் தலைவரின் கையொப்பம், நிதிப்பிரிவின் சரிபார்ப்பு, இணைய வாயிலின் கோளாறு என்று எங்கோ நின்று மொத்தமாகவோ அரையாகவோ வரும். விடுதிக் கட்டணத்துக்கு மட்டும் தாமதத் தண்டம் உண்டு.

இதில் கசப்பான வேடிக்கை ஒன்று இருக்கிறது. உதவித்தொகை பெறுபவர் வேறெந்த ஊதியமும் பெறக் கூடாது என்பது அதன் நிபந்தனைகளில் ஒன்று; சேரும்போது நாம் அனைவரும் கையொப்பமிட்டுத் தருகிறோம். அந்தக் கையொப்பத்தைச் சரிபார்க்கும் அதே துறை, அதே ஆய்வாளர்களுக்குப் பகுதிநேர வேலை விளம்பரத்தை முன்னனுப்புகிறது. சுங்கத்துறையின் அறிவிப்பு நாளை பல்கலைக்கழகத்துக்கு ஒரு படி போனால், பணம் வராத ஏழு மாதங்களைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். விதியை மீறினாயா என்றே கேட்பார்கள். அப்போது 'பொருத்தமான வேலை' என்று எழுதிய விரல் எந்தப் பக்கம் நீளும் என்பதை நான் ஊகிக்க விரும்பவில்லை.

பேராசிரியர் அவர்களுக்கு நேரடியாக ஒன்று. நீங்கள் நல்லெண்ணத்தில்தான் அனுப்பினீர்கள் என்பதை நான் அறிவேன். உங்கள் மாணவர்களின் பணக்கஷ்டம் உங்களை உறுத்தியிருக்கிறது. கையில் கிடைத்த வழியைக் காட்டினீர்கள். ஆனால் உங்கள் கையில் இன்னொரு வழியும் இருந்தது. அந்த ஏழு மாதக் கோப்பு எந்த மேசையில் கிடக்கிறது என்று கேட்டு, உங்கள் பெயரில் ஒரு கடிதம் எழுதுவது. அது உங்களுக்குச் சங்கடம் தரும் வழி. வாட்ஸ்அப்பில் அம்புக்குறியைத் தொடுவது யாருக்கும் சங்கடம் தராது. உங்களிடம் கேட்பது இரண்டுதான். அந்தச் செய்தியைக் குழுவிலிருந்து நீக்குங்கள். 'அனைவருக்கும் நீக்கு' என்பதற்கான காலம் கடந்துவிட்டதால், தவறான தகவல் என்று அதன் கீழேயே ஒரு வரி எழுதுங்கள். இரண்டாவது, தோழர் தம் விளக்கத்தைத் தயாரிக்கும்போது, விளம்பரம் துறைக் குழுவின் வழியாகவே தமக்கு வந்தது என்று எழுத வேண்டியிருக்கிறது. அதை உறுதிசெய்து ஒரு பத்தி எழுதித் தாருங்கள். சட்டத் துறை நண்பர் ஒருவர், அது அவருடைய நல்லெண்ணத்தைக் காட்ட உதவும் என்கிறார்.

இதை வாசிக்கும் இளைய ஆய்வாளர்களில் எவருக்கேனும் இப்படியோர் அழைப்பு வந்திருந்தால், ஏறுவதற்கு முன் கேளுங்கள்: பெட்டியை நானே திறந்து, எண்ணி, படமெடுத்துப் பூட்டலாமா? இறங்குமிடத்தில் சுங்கத் தாள்களோடு நிற்கப்போகும் முகவரின் பெயரும் உரிமமும் என்ன? தடுத்துவைக்கப்பட்டால் வழக்கறிஞருக்கு யார் பணம் தருவார்கள் என்பது எழுத்தில் இருக்கிறதா? முறையான நிறுவனம் இம்மூன்றுக்கும் கோபப்படாமல் பதில் சொல்லும். என் தோழருக்கு வந்த எண்ணில் நான் இவற்றைக் கேட்டுப் பார்த்தேன், அது உயிரோடிருந்த கடைசி நாளில். "சார், நீங்கள் ரொம்பப் படித்தவர், இது உங்களுக்குச் சரிப்படாது" என்று பதில் வந்தது.

பெட்டிகள் இன்னும் கிடங்கில் இருக்கின்றன. மானேசர் ஆலை, அப்படியொன்று இருந்தால், அந்த உறுப்புகள் இல்லாமலே ஓடிக்கொண்டிருக்க வேண்டும். இதுவரை யாரும் கேட்டு வரவில்லை. விளக்கம் தர வேண்டிய கடைசி நாள் வரும் 14-ஆம் தேதி. சுங்க வழக்குகளில் பழக்கமுள்ள, கட்டணத்தில் கொஞ்சம் இரக்கம் காட்டக்கூடிய டெல்லி வழக்கறிஞர் எவரையேனும் அறிந்தவர்கள் உள்பெட்டிக்கு வாருங்கள்.